தேயிலை மூட்டைகளுக்கு நடுவே ஓர் ஈயக்கட்டி

குன்னூர் ஏலத்தில் விற்ற தேயிலை மலையிறங்கி, மேட்டுப்பாளையம் தாண்டி, 20 அடி கன்டெய்னரில் ஏறுகிறது. கதவைச் சாத்தி சீல் வைத்தாயிற்று. கொச்சியோ தூத்துக்குடியோ போய்ச் சேரும்வரை யாரும் அதைத் திறக்கப்போவதில்லை. அந்த மூட்டைகளுக்கு நடுவே எவரோ 10 செ.மீ. கனசதுரமாக ஓர் ஈயக்கட்டியைச் செருகிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். எடை 11 கிலோவுக்குச் சற்று மேல். பத்துப் பன்னிரண்டு டன் சரக்கில் எடைமேடைக்கு அது ஒரு பொருட்டே இல்லை. மழைக்காலத்தில் தேயிலை உறிஞ்சும் ஈரமே அதைவிட அதிகம் கனக்கும். சீலை உடைக்காமல், லாரியிலிருந்து ஒரு மூட்டையைக்கூட இறக்காமல் அந்தக் கட்டி எங்கே இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

ஈயத்தை ஏன் ஒளிக்க வேண்டும் என்று கேட்கலாம். ஈயத்துக்காக அல்ல, அதற்குள் இருப்பதற்காக. கதிரியக்கப் பொருளைக் கனமான ஈயப் பெட்டிக்குள் வைத்துவிட்டால், சோதனைச் சாவடியில் நிற்கும் காமா டிடெக்டர் வாய் திறக்காது. 2010-இல் டெல்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடைக்கு வந்த கோபால்ட்-60, பிரித்துப் போட்ட பிறகுதான் வெளிப்பட்டது. ஓர் உயிரையும் கொண்டுபோனது. உள்ளே கதிர் வீசுகிறதா என்று தேடுவதை விட்டுவிட்டு, கதிரை மறைக்கும் ஈயத்தையே தேடினால் என்ன? வானிலிருந்து ஓயாமல் விழும் மியூவான் என்ற துகள்களைக் கொண்டு எடுக்கும் மியூவான் படப்பிடிப்பு செய்வது அதைத்தான். முழுப் பூசணிக்காயை மறைக்கக் கொட்டிய சோறே காட்டிக்கொடுத்துவிடும்.

வானத்திலிருந்து வரும் புரோட்டான்கள் காற்றுமண்டலத்தின் மேலடுக்கில் மோதுகின்றன. அதில் பிறக்கும் பையான் என்ற குறுகிய ஆயுள் துகள்கள் சிதைந்து மியூவான்களாகின்றன. 1936-இல் ஆண்டர்சனும் நெடர்மெயரும் கண்டுபிடித்த துகள் இது. எலக்ட்ரானைப் போலவே மின்னூட்டம், எடை மட்டும் 207 மடங்கு. ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. ஒளியின் வேகத்துக்கு மிக அருகில் ஓடுவதால் அதன் கடிகாரம் நமக்கு மெதுவாக ஓடுகிறது. அதனால்தான் தரைவரை வந்துசேர்கிறது. கடல்மட்டத்தில் கிடைமட்டமான ஒரு சதுர செ.மீ. பரப்பில் நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்று விழும். விரித்த உள்ளங்கையில் நிமிடத்துக்கு நூறு என்று வைத்துக்கொள்ளலாம். செங்குத்தாக வருபவை அதிகம். சாயச் சாய, கோணத்தின் கொசைன் வர்க்கத்தைப் போலக் குறையும். ஊட்டியின் 2,200 மீட்டர் உயரத்தில் எண்ணிக்கை கொஞ்சம் கூடும். ஆனால் அதைவிட வேகமாகக் கூடுவது கூடவே வரும் எலக்ட்ரான்கள். மலையில் கருவி வைப்பவருக்கு இது வரமல்ல, தொல்லை.

மியூவானைக் கொண்டு உள்ளே பார்க்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, எத்தனை நின்றுபோயின என்று எண்ணுவது. சதுர செ.மீ.க்கு ஒரு கிராம் வீதமுள்ள பொருளைக் கடக்க மியூவான் ஏறக்குறைய 2 எம்இவி (மில்லியன் எலக்ட்ரான்வோல்ட்) ஆற்றலை இழக்கிறது. பொருள் தடிக்கத் தடிக்க வேகம் குறைந்தவை உள்ளேயே நின்றுவிடும். 1955-இல் ஆஸ்திரேலியாவில் ஜார்ஜ் என்பவர் ஒரு சுரங்கத்துக்குள் கைகர் கவுன்டர்களை வைத்து, தலைக்கு மேல் எவ்வளவு பாறை இருக்கிறது என்று இப்படித்தான் அளந்தார். இயற்பியலாளர் லூயிஸ் ஆல்வரெஸின் குழு எகிப்தின் காஃப்ரே பிரமிடுக்கு அடியில், துகள் போன வழியைப் பொறியால் காட்டும் ஸ்பார்க் சேம்பர்களை வைத்துப் பார்த்து, அவர்கள் பார்த்த பகுதியில் ரகசிய அறை ஏதும் இல்லை என்று 1970-இல் எழுதினார்கள். 2017-இல் கூஃபு பிரமிடுக்குள் 30 மீட்டருக்குக் குறையாத நீளத்தில் வெற்றிடம் ஒன்று தெரிந்ததும் இதே எண்ணிக்கை வழியில்தான்.

கன்டெய்னருக்கு இந்த வழி எடுபடாது. மியூவானின் சராசரி ஆற்றல் 3, 4 ஜிஇவி (ஒரு ஜிஇவி என்றால் ஆயிரம் எம்இவி). நம் ஈயக்கட்டி விழுங்குவது அதில் 0.15 ஜிஇவிக்குள். நூற்றில் ஒருசிலதான் நிற்கும், அந்த வித்தியாசத்தை நம்ப நாள்கணக்கில் எண்ண வேண்டும். லாரி அவ்வளவு நேரம் நிற்காது.

இரண்டாவது வழி, மியூவான் நிற்காமல் போனாலும் எவ்வளவு வளைந்துபோனது என்று பார்ப்பது. ஒவ்வோர் அணுக்கருவைக் கடக்கும்போதும் மின்விசையால் ஒரு சின்ன உதறல். ஆயிரக்கணக்கான உதறல்களின் கூட்டுத்தொகை ஒரு சிறிய கோணம். அணு எண் பெரிதாக இருந்தால் உதறலும் பெரிது. லாஸ் அலமோஸ் ஆய்வகக் குழு 2003-இல் இதைச் செய்து காட்டியது. அதன்பிறகுதான் மூடிய பெட்டிகளுக்கு மியூவான் என்ற பேச்சே சூடுபிடித்தது.

எவ்வளவு வளையும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. 13.6 எம்இவியை மியூவானின் உந்தத்தால் வகுக்க வேண்டும். பொருளின் தடிமனை அதன் ‘கதிர்வீச்சு நீளத்தால்’ (வேகமான எலக்ட்ரான் தன் ஆற்றலில் பெரும்பங்கை இழக்கும் தூரம்) வகுத்து, வர்க்கமூலம் எடுத்துப் பெருக்க வேண்டும். பிறகு ஒரு சிறு மடக்கைத் திருத்தம். கதிர்வீச்சு நீளம் தண்ணீருக்கு 36 செ.மீ., அலுமினியத்துக்கு 8.9, இரும்புக்கு 1.76, ஈயத்துக்கு 0.56, யுரேனியத்துக்கு 0.32. ஆகவே 3 ஜிஇவி மியூவான் 10 செ.மீ. தடிமனைக் கடந்தால், தண்ணீரில் 2.3 மில்லிரேடியன், அலுமினியத்தில் 4.8, இரும்பில் 11.5, ஈயத்தில் 21, யுரேனியத்தில் 29 அளவில் சிதறும். ஒரு மில்லிரேடியன் என்றால் ஒரு மீட்டர் தூரத்தில் ஒரு மி.மீ. விலகல். ஈயத்தின் 21 மில்லிரேடியன் ஒரு டிகிரிக்குச் சற்று மேல், அவ்வளவுதான். இந்த ஒரு டிகிரியைப் பிடிப்பதற்குத்தான் இத்தனை ஏற்பாடு.

இப்போது தேயிலைக்கு வருவோம். அடைத்த தேயிலையின் அடர்த்தி கன செ.மீ.க்கு 0.35 கிராம், கன்டெய்னருக்குள் அடுக்கிய உயரம் 2.3 மீட்டர் என்று எடுத்துக்கொண்டால், மேலிருந்து கீழ்வரை சதுர செ.மீ.க்கு 80 கிராம் பொருள். இலை, தாள், மரம் எல்லாவற்றுக்கும் கதிர்வீச்சு நீளம், இதே கணக்கில், சதுர செ.மீ.க்கு 42 கிராம் பக்கம் வரும். தேயிலை மட்டும் 1.9 கதிர்வீச்சு நீளம். கூரையும் அடித்தகடும் சேர்ந்து 4 மி.மீ. இரும்பு, கீழே பிளைவுட். எல்லாம் கூட்டினால் 2.2. அதாவது கட்டியே இல்லாத வெறும் தேயிலைச் சரக்கே 3 ஜிஇவி மியூவானை 7 மில்லிரேடியன் சிதறடிக்கும். ஈயத்தின் வழியாகப் போனது 22. மூன்று மடங்கு. பிரித்துவிடலாம் போலத் தோன்றும்.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. மேலே சொன்ன கணக்கெல்லாம் 3 ஜிஇவி மியூவானுக்கு. வருகிற மியூவான் எவ்வளவு ஆற்றலோடு வருகிறது என்று யாரும் சீட்டு ஒட்டி அனுப்புவதில்லை. 1 ஜிஇவி மியூவான் மூன்று மடங்கு அதிகமாகச் சிதறும். அப்படியானால் வெறும் தேயிலையைக் கடந்த 1 ஜிஇவி மியூவானும் 21, ஈயத்தைக் கடந்த 3 ஜிஇவி மியூவானும் 21. ஒற்றை மியூவான் எதையும் சொல்லாது என்பதை இந்த ஒரு சமன்பாடு காட்டிவிடும். கூட்டமாகப் பார்த்தால் மட்டுமே பேசும். கூட்டம் சேர நேரம் வேண்டும். இந்தத் தொழில்நுட்பத்தில் விலை என்பது பணத்தைவிட நிமிடங்களில்தான் இருக்கிறது.

எத்தனை நிமிடம்? 10 செ.மீ. கட்டியின் தலைப்பரப்பு 100 சதுர செ.மீ.; நிமிடத்துக்கு 100 மியூவான்; மேல் டிடெக்டர், கீழ் டிடெக்டர் இரண்டையும் தொட்டுப் போகிறவை பாதி என்று வைத்தால் 50. சிதறலின் அகலத்தை 50 துகள்களிலிருந்து கணித்தால் பிழை பத்து விழுக்காடு. உந்தம் தெரியாததால் வரும் குழப்பத்தையும் சேர்த்தால் இரண்டு நிமிடம் முதல் ஐந்து நிமிடம். 5 செ.மீ. கட்டி என்றால் பரப்பு கால்பங்கு, சிதறலும் 14.7 ஆகக் குறையும், நேரம் பல மடங்காகும். கட்டி சிறுக்கச் சிறுக்க நேரம் இப்படித்தான் எகிறும். 2 செ.மீ. ஈயத்தையும் ஒரு நிமிடத்தில் காட்டுவேன் என்று யாராவது விற்க வந்தால் வாசலோடு அனுப்பிவிடலாம்.

மியூவானை எண்ணுவதில் நீலகிரிக்குப் பழைய கைப்பழக்கம் உண்டு. ஊட்டியில் டாடா ஆராய்ச்சி நிறுவனத்தின் காஸ்மிக் கதிர் ஆய்வகத்தில் இருக்கும் கிரேப்ஸ்-3 கருவியின் மியூவான் பகுதி 560 சதுர மீட்டர். மொத்தம் 3,712 புரொபோர்ஷனல் கவுன்டர்கள், அதாவது துகள் கடந்தால் மின்துடிப்பு தரும் வாயுக் குழாய்கள். ஒவ்வொன்றும் 6 மீட்டர் நீளம், 10 செ.மீ.க்கு 10 செ.மீ. குறுக்குவெட்டுள்ள இரும்புக் குழாய். நடுவே 100 மைக்ரான் டங்ஸ்டன் கம்பி. உள்ளே 90 பங்கு ஆர்கான், 10 பங்கு மீத்தேன் கலந்த பி-10 வாயு. மொத்தம் 16 தொகுதி; ஒவ்வொன்றிலும் அடுக்குக்கு 58 குழாய், நான்கு அடுக்கு, அடுத்தடுத்த அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக, இடையிடையே 15 செ.மீ. கான்கிரீட். தலைக்கு மேல் இரண்டு மீட்டர் கான்கிரீட் இருப்பதால் 1 ஜிஇவிக்குக் கீழுள்ளவை உள்ளே வராது. முன்பு சொன்ன எலக்ட்ரான் தொல்லையும் கூரையோடு போயிற்று. நாளொன்றுக்கு எண்ணுவது ஏறக்குறைய 400 கோடி மியூவான்.

இந்தக் கருவி பார்த்த ‘மூடிய பெட்டி’ ஒன்று உண்டு: இடிமேகம். 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேலே வந்த ஒரு மேகம் 18 நிமிடம் மியூவான் எண்ணிக்கையை 2 விழுக்காடு வரை குறைத்தது. நேர்மின் மியூவான்கள் எதிர்மின் மியூவான்களைவிட அதிகம், கால்பங்குக்குச் சற்று மேல். மேகத்தின் மின்புலம் ஒரு வகைக்கு ஆற்றலைக் கொடுத்து மற்றதிடம் பறிக்கும்போது இரண்டும் சரிக்குச் சரி ஆவதில்லை, வித்தியாசம் எண்ணிக்கையில் வெளிப்படுகிறது. அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு, மேகத்தின் மின்னழுத்தம் 1.3 கிகாவோல்ட் என்று 2019-இல் வெளியிட்டார்கள். பலூன் அனுப்பி அதுவரை அளந்ததைப் போலப் பத்து மடங்கு. மேகத்தைத் தொடாமல் அதன் உள்ளே இருப்பதை எண்ணிக்கை மட்டும் வைத்துச் சொன்னதற்கு இதைவிட அழகான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஆனால் அதே குழாய்களைக் கன்டெய்னருக்கு மேலும் கீழும் அடுக்கினால் வேலைக்கு ஆகாது. 10 செ.மீ. குழாயில் மியூவான் எந்த இடத்தில் போனது என்பது 3 செ.மீ. பிழையோடுதான் தெரியும். வானத்தை 169 திசைகளாகப் பிரிக்க அது தாராளம். 21 மில்லிரேடியன் வளைவைப் பிடிக்கவோ, ஒரு மீட்டர் இடைவெளியில் வைத்த தளங்களில் இடம் ஒரு மி.மீ.க்குத் தெரிய வேண்டும். அப்போதுதான் ஒரு பாதையின் கோணப்பிழை 1.4 மில்லிரேடியனும், உள்ளே-வெளியே இரண்டையும் கழித்தால் 2 மில்லிரேடியனும் ஆகும்.

கல்லூரி ஆய்வகம் ஒன்றில் மேசையளவு மாதிரி செய்வதாக இருந்தால், துகள் பட்டால் ஒளிரும் பிளாஸ்டிக் சட்டங்களே நல்லது. வாயு சிலிண்டர், உயர் மின்னழுத்தம் என்ற தலைவலி இல்லை. முக்கோண வெட்டுள்ள சட்டமாக இருக்கட்டும்: அடிப்பக்கம் 4 செ.மீ., உயரம் 2 செ.மீ. ஒன்று நிமிர்ந்தும் அடுத்தது தலைகீழாகவும் பொருத்தினால், எந்த மியூவானும் பக்கத்துப் பக்கத்துச் சட்டங்கள் இரண்டை வெட்டியே போகும். இரண்டிலும் வந்த ஒளியின் விகிதம் இடத்தைச் சொல்லும், 2 செ.மீ. இடைவெளியில் வைத்த சட்டத்திலிருந்து 2, 3 மி.மீ. துல்லியம் கிடைக்கும். 50 செ.மீ. அகலத்துக்கு 25 சட்டம். குறுக்கே ஒன்று நெடுக்கே ஒன்று என்று ஒரு நிலையத்துக்கு 50. மேலே இரண்டு, கீழே இரண்டு நிலையம். ஆக 200 சட்டம். ஒவ்வொன்றின் நடுத்துளையிலும் அந்த ஒளியைப் பிடித்துப் பச்சையாக மாற்றி முனைக்குக் கொண்டுபோகும் 1.2 மி.மீ. அலைமாற்று இழை, முனையில் மெல்லிய ஒளியையும் மின்துடிப்பாக்கும் ஒரு சிலிக்கான் ஒளிப்பெருக்கி. சட்டத்துக்கு 60 செ.மீ. இழை என்றால் 120 மீட்டர் வாங்க வேண்டும். வெட்டும்போது முறியும் சேதாரத்துக்குப் பத்து மீட்டர் கூட வைத்துக்கொள்ளுங்கள். நிலையங்களுக்கு இடையே 40 செ.மீ., நடுவே பொருள் வைக்க 50 செ.மீ.

இந்த அளவுகளில் நொடிக்கு 2 முதல் 2.5 மியூவான் மேலும் கீழும் தொட்டுப்போகும். மணிக்கு ஏழாயிரம் முதல் ஒன்பதாயிரம். நடுவில் வைத்த 10 செ.மீ. கட்டி வழியாகப் போவது அதில் ஆயிரம் பக்கம். கோணத் துல்லியம் 10 மில்லிரேடியன் பக்கம். ஆகவே ஈயம் பளிச்சென்று தெரியும், இரும்பு இழுபறி, அலுமினியம் தெரியாது. தொடங்கும் முன்பே இதைத் தெரிந்துகொண்டால், அலுமினிய டப்பாவைத் தேடி ஒரு செமஸ்டரை வீணடிக்க வேண்டியதில்லை.

முடிந்தால் மேலும் கீழும் மூன்று மூன்று நிலையமாக, 300 சட்டமாகச் செய்யுங்கள். இரண்டு நிலையம் மட்டும் என்றால் எட்டுத் தளங்களும் ஒருசேரப் பதிய வேண்டும். தளத்துக்கு 99 விழுக்காடு திறன் இருந்தால் எட்டும் சேர்ந்து 92. திறன் 95 ஆகக் குறைந்தால் 66 தான். மூன்றில் ஒரு பங்கு மியூவான் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். மூன்றாம் நிலையம் இருந்தால் ஒன்று தவறினாலும் கோடு போடலாம். மூன்று புள்ளியும் ஒரே கோட்டில் விழவில்லை என்றால் அந்தப் பாதையைத் தூக்கிப்போடலாம். இரண்டு புள்ளிகள் எப்போதும் ஒரே கோட்டில்தான் இருக்கும், பொய்யாக இருந்தாலும்.

கட்டும்போது முதலில் வரும் வம்பு வெளிச்சக் கசிவு. கறுப்புத் தாளும் டேப்பும் சுற்றினால் போதும் என்று தோன்றும். மூலையில் ஊசிமுனை ஓட்டை இருந்தால் போதும், எண்ணிக்கை பகலில் ஏறி மாலையில் இறங்கும். ஊட்டியில் மூடுபனி நாளில் சரியாக இருக்கும் கருவி, வெயில் அடித்த அரைமணி நேரத்தில் பைத்தியம் பிடித்ததுபோல் எண்ணும். அறையை இருட்டாக்கி, டார்ச்சை விளிம்போரமாக நகர்த்திக்கொண்டே எண்ணிக்கையைப் பாருங்கள். துள்ளும் இடம்தான் ஓட்டை. இழை வெளிவரும் முனைகளில்தான் பெரும்பாலும் இருக்கும்.

அடுத்தது வெப்பநிலை. சிலிக்கான் ஒளிப்பெருக்கிக்குக் குளிர் பிடிக்கும். இருட்டில் தானாகச் சுடும் பொய்த் துடிப்புகள் 10 டிகிரி குறைந்தால் ஏறக்குறைய பாதியாகும். அந்த வகையில் மலை நல்ல இடம். ஆனால் ஜனவரியில் விடியற்காலை உறைபனி, மதியம் 20 டிகிரி. மாடலைப் பொறுத்து, டிகிரிக்கு 20 முதல் 55 மில்லிவோல்ட் வரை அதன் முறிவு மின்னழுத்தம் (அது பெருக்கத் தொடங்கும் மின்னழுத்தம்) நகரும். 15 டிகிரிக்கு 0.3 முதல் 0.8 வோல்ட். அதற்கு மேல் நாம் கொடுப்பதே 3 வோல்ட் பக்கம் என்பதால், பெருக்கம் பத்திலிருந்து இருபத்தைந்து விழுக்காடு ஆடிவிடும். மின்னழுத்தத்தைத் திருத்தாமல் விட்டால், மதியத்தில் சட்டத்தின் ஓரத்தைத் தொட்ட மெல்லிய துடிப்புகள் வரம்புக்குக் கீழே போய்விடும். ஒரு சட்டம் மட்டும் பதிந்தால் விகிதம் கிடையாது, இடம் சட்டத்தின் நடுவில் போய் ஒட்டிக்கொள்ளும். படத்தில் 2 செ.மீ.க்கு ஒன்றாகக் கோடுகள் விழுந்தால் காரணம் இதுதான். ஒளிப்பெருக்கிப் பலகையில் சின்ன வெப்ப உணரி வைத்து, மின்னழுத்தத்தைத் தானாக நகர்த்துங்கள்.

சட்டகமும் நகரும். 3 மீட்டர் அலுமினியச் சட்டகம் 15 டிகிரிக்கு ஒரு மி.மீ. நீளும், இரும்பு அரை மி.மீ. ஒரு மி.மீ.யை அளக்கக் கட்டிய கருவியே ஒரு மி.மீ. நீண்டால் என்ன செய்வது? இதற்கு மியூவானே மருந்து. நடுவில் எதுவும் வைக்காமல் ஓடவிடுங்கள். வெற்றிடத்தில் மியூவான் நேராகத்தான் போகும், காற்று ஒன்றும் செய்யாது. மேல் பாதைக்கும் கீழ்ப் பாதைக்கும் சராசரி வித்தியாசம் பூஜ்ஜியமாக வரும்வரை ஒவ்வொரு தளத்தின் இடத்தையும் சாய்வையும் கணக்கில் திருத்துங்கள். பதினாயிரம் பாதை இருந்தால் நூறில் சில பங்கு மி.மீ. வரை நம்பலாம். இந்த வெற்றோட்டத்தைத் தவிர்த்துவிட்டு ‘ஸ்கேல் வைத்து அளந்தோம், சரியாகத்தான் இருக்கிறது’ என்பவர்களின் படம் வழக்கமாக ஒருபக்கம் பிய்ந்திருக்கும்.

வாயு டிடெக்டர்தான் வேண்டும் என்பவர்களுக்கு மலை தனிப் பாடம் வைத்திருக்கிறது. 2,200 மீட்டரில் காற்றழுத்தம் 780 ஹெக்டோபாஸ்கல் பக்கம். வெளிக்காற்றோடு சமமாக வாயு ஓடும் டிடெக்டரில் வாயு அந்த அளவுக்கு நீர்த்துப்போகும்; மதுரையிலோ மும்பையிலோ சரியாக இருந்த மின்னழுத்தத்தை அப்படியே கொடுத்தால் பொறி பறக்கும், இணைப்பு முனைகளிலும் கசியும். அழுத்தத்துக்கும் வெப்பநிலைக்கும் ஏற்ப மின்னழுத்தத்தைக் குறைத்தாக வேண்டும். கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஃபிரியான் வகை வாயு ஓடும் ஆர்பிசி என்ற டிடெக்டர் என்றால் ஈரம் இன்னொரு பகை. சாதாரண பிளாஸ்டிக் குழாய் வழியே நீராவி மெல்ல உள்ளே புகும். மின்கசிவில் ஃபிரியான் உடைந்து நீரோடு சேர்ந்து ஹைட்ரோஃபுளோரிக் அமிலமாகும். அது கண்ணாடியை அரிக்கும். கசிவு மின்னோட்டம் நாளுக்கு நாள் ஏறும். ஜப்பானின் பெல் என்ற துகள் இயற்பியல் சோதனையில் இது நடந்து, பிளாஸ்டிக்கை எடுத்துவிட்டுச் செப்புக் குழாய் போட்டார்கள். ஜூன் முதல் டிசம்பர் வரை இரு பருவமழையும் நனைக்கும் நீலகிரியில் முதல் நாளிலிருந்தே செப்புதான்.

இடி என்ன செய்யும்? சிதறல் கோணத்தை வைத்துப் படமெடுக்கும்போது 2 விழுக்காடு எண்ணிக்கை குறைவு ஒரு பொருட்டல்ல. வானிலை மாற்றமும் அப்படித்தான். காற்றழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் ஏறினால் மியூவான் ஏறக்குறைய 0.13 விழுக்காடு குறையும். வெப்பமண்டலத்தில் அழுத்தம் நாளுக்கு இருமுறை கடலலை போல ஏறி இறங்குவது எண்ணிக்கையிலும் தெரியும். பாறையின் தடிமனை எண்ணிக்கையால் அளப்பவர் இதையெல்லாம் கழித்தாக வேண்டும், கோணத்தை அளப்பவர் கவலைப்பட வேண்டாம். மின்கம்பி வழியே வரும் இடிதான் கருவியைக் கொல்லும். கருவிக்கும் கணினிக்கும் நடுவே செப்புக் கம்பிக்குப் பதில் ஒளியிழை போடுங்கள். பாறைச் சரிவில் எர்த் குழி சும்மா தோண்டினால் பிடிக்காது, கரியும் உப்பும் போட்டுக் கோடையில் தண்ணீரும் ஊற்ற வேண்டும்.

தரவு வந்தாயிற்று, படம் எப்படி? எளிய வழி: மேல் கோடும் கீழ்க் கோடும் மிக அருகில் வரும் புள்ளியைக் கண்டுபிடித்து, மியூவான் அங்கேதான் வளைந்தது என்று கொள்வது. கன்டெய்னரைக் கற்பனையாக 5 அல்லது 10 செ.மீ. கட்டங்களாகப் பிரித்து, அந்தக் கட்டத்தில் வளைவுக் கோணத்தின் வர்க்கத்தைப் போடுவது. எல்லா மியூவானும் முடிந்தபின் கட்டம்தோறும் இடைமதிப்பை (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதை) எடுங்கள். சராசரி எடுக்காதீர்கள், மெதுவாக வந்த இரண்டு மியூவான் சராசரியை எங்கேயோ தூக்கிப்போய்விடும்.

இந்தப் புள்ளியைப் பக்கவாட்டில் நம்பலாம், உயரத்தில் நம்பக்கூடாது. இடப்பிழை 1 மி.மீ., வளைவு 20 மில்லிரேடியன் என்றால் உயரத்தில் பிழை 5 செ.மீ. வளைவு 5 மில்லிரேடியனானால் 20 செ.மீ. அதனால்தான் இந்தப் படங்களில் கனசதுரம் எல்லாம் மேலும் கீழும் இழுபட்டு வெள்ளரிக்காய் போலத் தெரியும். 3 மில்லிரேடியனுக்குக் கீழே வளைந்தவற்றுக்குப் புள்ளி தேடாதீர்கள். அது கன்டெய்னருக்கு வெளியே எங்கோ போய் விழும். ஆனால் அவற்றைத் தூக்கியெறியவும் கூடாது. வளையாமல் போன மியூவான், ‘என் வழியில் கனமாக எதுவும் இல்லை’ என்று சொல்லிவிட்டுப் போகிறது. அதன் பாதையிலுள்ள எல்லாக் கட்டங்களிலும் பூஜ்ஜியமாகப் பதியுங்கள். பலர் விடும் தவறு இது. தேயிலை முழுக்கப் புள்ளி புள்ளியாக ஈயம் இருப்பதுபோல் படம் வரும். நேரமும் கணினியும் இருந்தால், பாதை முழுவதும் சிதறலைப் பங்கிட்டு மீண்டும் மீண்டும் திருத்தும் நிகழ்தகவு முறை இதைவிடத் தெளிவாகக் காட்டும்.

முழு 20 அடி கன்டெய்னருக்கு இதே சட்டங்களை வைத்துக் கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கும். மேற்பரப்பு 7 மீட்டருக்கு 3.5 மீட்டர். 3.5 மீட்டர் சட்டங்கள் ஒரு திசையில் 350. மறுதிசையில் 7 மீட்டர் இழையில் ஒளி தேய்ந்துவிடும் என்பதால் இரண்டாக வெட்டி 350. நிலையத்துக்கு 700, ஆறு நிலையத்துக்கு 4,200. பஹாமாஸில் ஃப்ரீபோர்ட் துறைமுகத்தில் கன்டெய்னர்களைச் சோதிக்க 2012-இல் வைத்த மியூவான் கருவி, சட்டங்களுக்குப் பதில் வாயு நிரப்பிய டிரிஃப்ட் டியூப் குழாய் வகை. லாரி ஓட்டுநர் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கலாம், கருவி எந்தக் கதிரையும் வீசுவதில்லை.

நியாயமாகச் சொன்னால், நம் தேயிலைக் கன்டெய்னரின் ஈயக்கட்டியைத் துறைமுக எக்ஸ்ரே ஸ்கேனரும் காட்டிவிடும். 80 கிராம் தேயிலை 6 எம்இவி எக்ஸ்ரேக்கு எம்மாத்திரம்? ஆனால் அதே கட்டியைத் தேயிலைக்குப் பதில் பழைய இரும்புக்கு நடுவே வைத்தால் எக்ஸ்ரே கறுத்துப்போகும்; மியூவான் அப்போதும் கடந்து வரும், இரும்பையும் ஈயத்தையும் பிரித்தும் சொல்லும். அமெரிக்காவின் ஐடஹோவில், எரிந்த அணு எரிபொருளைப் பூட்டிவைத்த கனமான கலத்தில் எந்த இடங்களில் எரிபொருள் கட்டு இல்லை என்று திறக்காமல் பார்க்க மியூவானைக் கொண்டுபோனதும் அதனால்தான். வேறெதுவும் நுழையாத இடம், நாள்கணக்கில் காத்திருக்கத் தயாரான ஆள், இரண்டும் இருந்தால் மியூவானுக்குப் போட்டியில்லை. பைக்காரா, குந்தா பக்கத்து நீர்மின் சுரங்கங்களின் தலைக்கு மேல் பாறை எங்கே மெலிந்திருக்கிறது என்று பார்க்கலாம். 40 மீட்டர் பாறைக்குக் கீழே மியூவான் ஏறக்குறைய நூறில் ஒன்றாகிவிடும் என்பதால் வாரங்களில் எண்ண வேண்டும், பாறை ஓடிப்போகாது. கேஸ் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்க மியூவான் வேண்டுமா என்றால், தராசு போதும்.

முதல் படத்தில் பளிச்சென்று ஒரு புள்ளி தெரிந்தவுடன் யாரையும் கூப்பிட்டுக் காட்டாதீர்கள். கட்டியை எடுத்துவிட்டு அதே நேரம் ஓடவிடுங்கள். பிறகு 10 செ.மீ. பக்கவாட்டில் தள்ளி வைத்து மறுபடியும் ஓடவிடுங்கள். புள்ளி மறைந்து, பிறகு 10 செ.மீ. தள்ளித் தோன்றினால் அது ஈயம். மூன்று படத்திலும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தால், ஏதோ ஒரு சட்டத்தின் இழை சரியாக ஒட்டவில்லை. எந்தச் சட்டம் என்று தேடத் தொடங்குங்கள்.